மைக்செட் ஊமையாகும்போது

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த நெட்டுக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில், ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ்வார்ப்பு மைக்செட் இல்லாமல் நடப்பது அபூர்வம். ஜெனரேட்டரை நிறுத்தி மறுபடி கிளப்பியவுடன், அதுவரை கணீரென்று பாடிய பெட்டி ‘டப்’பென்று ஒரு சப்தத்தோடு ஊமையாகி, சற்று நேரம் அணைத்துவைத்துப் போட்டதும் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் பாடத் தொடங்குமானால், அந்த விசித்திரத்துக்குக் காரணங்களுள் ஒன்று, உள்ளே எட்டுக் கால்களோடு அமர்ந்திருக்கும் ஆப்-ஆம்ப் என்னும் சில்லு லாட்ச்-அப் ஆகிச் சிக்கிக்கொள்வதே.

தன் இரு உள்ளீடுகளுக்கிடையே உள்ள சூட்சுமமான வித்தியாசத்தைப் பன்மடங்கு பெருக்குவது ஆப்-ஆம்பின் தொழில். அதன் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி ஊட்டியே அதை அடக்கி வைக்கிறோம். ஜெனரேட்டர் உதறலில் உள்ளீட்டு வோல்டேஜ் அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கடந்தால், சில சில்லுகளில் முதல் டிரான்சிஸ்டர் செயலிழந்து, இழுத்து நிறுத்த வேண்டிய மூக்கணாங்கயிறே மாட்டை முன்னே தள்ளுவதுபோல, அந்த ஊட்டமே வெளியீட்டை ஒரு கோடிக்குத் தள்ளி அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஃபேர்சைல்ட் கம்பெனிக்காக பாப் விட்லர் வடிவமைத்து 1965இல் வெளிவந்த 709 என்னும் ஆப்-ஆம்புக்கு இந்தத் தோஷம் உண்டு; 1968இல் டேவ் ஃபுல்லகர் செய்த 741 இதிலிருந்து விடுபட்டது. இன்று மிக்ஸர்களில் சகஜமாகக் காணப்படும் டிஎல்072வின் குணமோ வேறு: உள்ளீடு எதிர்மின் சப்ளையை மிகவும் நெருங்கினால் வெளியீடு திடீரென்று தலைகீழாகப் புரளும். சீமாஸ் வகைச் சில்லுகளில் உள்ளீடு சப்ளையையே மிஞ்சினால், உள்ளே மறைந்திருக்கும் தைரிஸ்டர் விழித்துக்கொண்டு மின்சாரத்தைப் பிரவாகமாக இழுக்கும். சப்ளையைத் துண்டிக்கும்வரை அது ஓயாது, சில்லு வெந்துபோவதும் உண்டு.

பரிசோதனைக்கு மல்டிமீட்டர் ஒன்று போதும்; ஆனால் முதலில் ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் நேர்மின்சாரம் காயிலை எரித்துவிடும். 4558, டிஎல்072 ஆகிய சில்லுகள் இரண்டிலும் 8ஆம் காலில் +15 வோல்ட்டும் 4ஆம் காலில் −15 வோல்ட்டும் இருக்க, வெளியீடான 1, 7ஆம் கால்கள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். (பேட்டரியில் ஓடும் ஒற்றைச் சப்ளைப் பெட்டிகளில் சப்ளையில் பாதி.) இரட்டைச் சப்ளைப் பெட்டியில் அந்தக் கால்கள் நேராகவோ எதிராகவோ 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சில்லு சிக்கியிருக்கிறது. கண்டென்ஸர்கள் வடியும்வரை காத்திருந்து மறுபடி போட்டதும் சரியானால் லாட்ச்-அப் என்று சந்தேகிக்கலாம். சரியாகாவிட்டால் சில்லு செத்திருக்கலாம், அல்லது உள்ளீட்டைத் தரையோடு இணைக்கும் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம்.

சில்லின்மீது பழி சுமத்துமுன் சப்ளையை விசாரிப்பதே நியாயம். 7815, 7915 ரெகுலேட்டர்களில் முந்தி எழுந்த ஒன்று மற்றதன் வெளியீட்டை எதிர்த்திசைக்கு இழுத்துவிட, பிந்தியது கிளம்பாமலே போவதுண்டு. ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் தரைக்கு ஒரு ரெக்டிஃபையர் டையோடைத் திருப்பிப் போடுவதே நிவர்த்தி. உப்புக்காற்று ஊரில் பச்சை பூத்த கனெக்டரையும் எர்த் கம்பியையும் கவனியாமல் விடுவது மடமை. உள்ளீட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், சப்ளைகளுக்கு இரண்டு ஷாட்கி டையோடுகளும் சேர்த்தால் எல்லை மீறல் பெரும்பாலும் அடங்கும்.

இவற்றைச் செய்யாமல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய புதுச் சில்லை மட்டும் மாட்டினால், அதுவும் அடுத்த ஜெனரேட்டர் உதறலில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ‘ஐ.சி. போய்விட்டது’ என்று மெக்கானிக் சொன்னால், 1ஆம் காலையும் 7ஆம் காலையும் அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.