உங்களுக்குத் தெரியுமா? கிணற்றின் கணக்கை விவசாயிகளே எழுதினார்கள்

சித்தூர் மாவட்டம் உட்பட, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் 2003 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர், ‘விவசாயிகள் நிர்வகிக்கும் நிலத்தடி நீர்’. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு துணை நின்றது. நீரை அளக்கும் வேலையைச் செய்தவர்கள் ஊர் விவசாயிகள், ஆணும் பெண்ணுமாக, சம்பளம் வாங்காமல்.

அளவு நாடாவின் முனையில் ஒரு உணர்கருவி. அதை ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். தண்ணீரைத் தொட்டதும் பீப் ஒலி. அந்த ஆழத்தை நோட்டில் குறித்து, ஊர்ப் பலகையிலும் எழுதுவார்கள். பம்ப்செட் எவ்வளவு இறைக்கிறது என்று பார்க்க ஒரு டிரம்மும் கடிகாரமும் போதும். மழைமானியும் அவர்கள் பொறுப்பில்தான்.

பருவமழை ஓய்ந்ததும் எல்லோரும் கூடி வரவு செலவு பார்ப்பார்கள்: பாறை இடுக்குகளில் இறங்கிய நீர் எவ்வளவு, அடுத்த போகத்துக்கு எவ்வளவு தேவை? எந்தப் பயிரையும் யாரும் தடை செய்யவில்லை. கணக்கைப் பார்த்தே பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டு, குறைந்த தண்ணீரில் விளையும் பயிர்களுக்கு மாறினார்கள். தடுப்பணை போன்ற நீர்வடிப்பகுதிப் பணிகள் நடக்கும் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். தடுப்பணை கட்டியபின் நீர்மட்டம் ஏறியதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.