கணினிகள் இடம் மாறும்போது உங்கள் பணம் எங்கே?

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடத்தின் உரிமையாளர் ஒருவர் அண்மையில் எம்மிடம் கேட்டார்: "ஞாயிறு அதிகாலை இரண்டு மணி நேரம் இணைய வங்கிச் சேவை இராது என்று குறுஞ்செய்தி வந்தது. கணினிகளை மேகத்திற்கு மாற்றுகிறீர்களாம். அந்நேரத்தில் என் பணம் எங்கே இருக்கும்?" வாடிக்கையாளர் பலருக்கும் எழும் வினா இது, ஆகவே இங்கே விளக்க முற்படுகிறோம்.

பத்துப் பட்டறைகள் தனித்தனிக் கொட்டகைகளில், தனித்தனி மின் இணைப்புடன் இயங்குவதாகக் கொள்வோம். பாதி நேரம் லேத்துகள் சும்மா நிற்கின்றன. அவற்றை ஒரே பெரிய கூடத்தில், இடையே தடுப்புச் சுவர் எழுப்பிக் குடியமர்த்தினால் மின்சாரமும் காவலும் பொதுவாகும். பூட்டும் சாவியும் அவரவருக்கே. ஒரே சர்வரை மென்பொருளால் பல தனிக் கணினிகளாகப் பிரிப்பதும் இவ்வாறானதே. அவற்றை 'மெய்நிகர் கணினிகள்' என்கிறோம். ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய மென்பொருளை அறிவித்தது.

'மேகம்' என்பது பெயரளவில்தான். அந்தக் கணினிகள் தரையில், தரவு மையக் கட்டடங்களில் உள்ளன. பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று ஆணையிட்டது. தொழில்நுட்பப் பணிகளை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு வங்கியையே சாரும் என்பதை 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளில் உறுதிப்படுத்தியது.

இடமாற்றம் படிப்படியாக நடைபெறும். முதலில் எந்தக் கணினி எதனைச் சார்ந்துள்ளது என்று பட்டியலிடுவர், பயனற்றவற்றை நீக்குவர். பழைய கணினி இயங்கும்போதே அதன் நகல் புதிய இடத்தில் உருவாகும். இறுதியில் சற்று நேரம் சேவையை நிறுத்தி, கடைசியாகப் பதிவானவற்றையும் நகலெடுத்து, இரு பக்கக் கணக்கும் ஒத்துள்ளதா எனச் சரிபார்ப்பர். ஒவ்வாவிடில் பழைய கணினிக்கே திரும்புவர். நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் 24 மணி நேரமும் இயங்குவதால், இப்பணிக்கென ஓய்வு நேரம் தானாக அமைவதில்லை. முன்னறிவிப்புடன் ஒதுக்க வேண்டியுள்ளது.

ஒருங்கிணைப்பில் ஓர் அபாயமும் உண்டு. கூரை ஒன்றானால், அது சரியும்போது அனைவரும் பாதிக்கப்படுவர். ஆதலால் ஒரே பணியைச் செய்யும் இரு மெய்நிகர் கணினிகளை ஒரே சர்வரில் வைப்பதில்லை. தொலைவிலுள்ள வேறொரு மையத்திலும் நகல் பேணப்படுகிறது.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஊதியம், ஜிஎஸ்டி போன்றவற்றை அறிவிக்கப்பட்ட நேரத்திற்கு முன்பே செலுத்திவிடுங்கள். இடையில் ஒரு பரிமாற்றம் தடைப்பட்டால் உடனே மறுமுறை அனுப்பாதீர்கள். கணக்கு அறிக்கையைப் பார்த்த பின்னரே அனுப்புங்கள். இல்லையேல் இருமுறை பணம் செல்லக்கூடும். "கணக்கைப் புதிய கணினிக்கு மாற்ற ஓடிபி சொல்லுங்கள்" என்று எவர் அழைத்தாலும் அது மோசடியே. இடமாற்றத்திற்கு உங்களிடமிருந்து எந்த ஓடிபியும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணிலும் உங்கள் கிளையிலும் புகார் அளியுங்கள்.

பீன்யா நண்பருக்கு எம் விடை இதுவே: அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் இருப்பு பழைய ஏட்டிலும் புதிய ஏட்டிலும் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒன்றென உறுதியான பின்னரே பழைய ஏடு மூடப்படும்.