பழங்கதையும் பாட்டும்

மக்கள் எழுத்தறிவதற்கு முன்னரே கதையறிந்தனர். இடி முழங்குவது எதனால், வித்து மண்ணுள் மறைந்து மீண்டும் முளைப்பது எங்ஙனம், இறந்தார் செல்லும் இடம் யாது என்னும் வினாக்கள் பண்டை மக்களின் உள்ளத்தை வருத்தின. அவற்றிற்கு அவர்கள் கண்ட விடைகளே, காலப்போக்கில், தேவரும் வீரரும் அரக்கரும் உலவும் புராணக் கதைகளாக உருப்பெற்றன. இத்தகைய கதைகள் இல்லாத இனத்தாரைக் காண்டல் அரிது. இவற்றுள் கிரேக்கரும் உரோமரும் வழங்கிய கதைகள் ஐரோப்பிய இலக்கியம் முழுவதிலும் வேரோடி நிற்கின்றன. அக்கடவுளர்க்கு எடுத்த கோயில்கள் பெரும்பாலும் இடிந்து கிடக்கின்றன. அவர்களைப் பற்றிய கதைகளோ இன்னும் இடியாது நிலவுகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில், 14, 15 வயதினராகிய மாணவர்கள் ஆங்கில வகுப்பில் இக்கதைகளைப் பயில்கின்றனர். பயில்வதோடு அமையாமல், அவற்றைப் பொருளாகக் கொண்டு தாமே பாட்டெழுதவும் பழகுகின்றனர். வேற்று நாட்டார் கதையை மொழி வகுப்பில் கற்பிப்பது ஏன்? கற்றதைப் பாட்டாக எழுதச் சொல்வதன் பயன் யாது? இவ்விரு வினாக்களும் ஆராயத் தக்கன.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் எதிரொலியை ‘எக்கோ’ என்பர். அஃது ஒரு வனதேவதையின் பெயர். பிறர் கூறியதன் இறுதியைத் திரும்பக் கூறுவதன்றித் தானாக ஒரு சொல்லும் பேசவியலாத சாபம் பெற்றவள் அவள். கைக்கெட்டியது வாய்க்கெட்டாதபடி ஒருவரை ஏங்க வைத்தலை ‘டாண்டலைஸ்’ என்பர். நீர்நிலையில் நின்றும் நீர் பருக முடியாமல், தலைக்கு மேல் பழம் தொங்கியும் பறிக்க முடியாமல் வருந்திய டாண்டலஸ் என்னும் மன்னனின் கதையிலிருந்து அச்சொல் பிறந்தது. காரணமின்றித் திடீரெனத் தோன்றும் பேரச்சத்தைக் குறிக்கும் ‘பேனிக்’ என்னும் சொல், காட்டில் திரியும் பேன் என்னும் தேவனை நினைவூட்டுவது. முன்னும் பின்னும் நோக்கும் இருமுகம் படைத்த உரோமத் தெய்வமாகிய ஜேனஸின் பெயராலேயே ஆண்டின் முதல் திங்கள் ஜனவரி எனப்பட்டது. எனவே, அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்களின் உள்ளே கூட இக்கதைகள் உறைகின்றன. அவற்றை அறியாதார் சொல்லை அறிவர். அதன் வரலாற்றை அறியார்.

இத்தேவையை உணர்ந்து நூல் செய்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் தாமஸ் புல்பின்ச் என்பார். பாஸ்டன் நகரில் ஒரு வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிய இவர், ஓய்வு நேரத்தில் கற்றும் எழுதியும் வந்து, 1855-ஆம் ஆண்டில் ‘கட்டுக்கதைகளின் காலம்’ என்று பொருள்படும் பெயரால் ஒரு நூலை வெளியிட்டார். கிரேக்கமும் இலத்தீனும் கல்லாத பொதுமக்களும் ஆங்கிலக் கவிஞரின் பாடல்களில் வரும் குறிப்புகளை உணர்ந்து சுவைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். மற்றவர் எடித் ஹாமில்டன் என்னும் அம்மையார். பால்டிமோர் நகரில் ஒரு மகளிர் பள்ளியின் தலைமையாசிரியராக 1896 முதல் 1922 வரை விளங்கிய இவர், 1942-இல் புராணக் கதைகளைத் தெளிந்த நடையில் தொகுத்தளித்தார். அந்நூல் அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்களின் கையில் தவழ்ந்தது. 1957-ஆம் ஆண்டில், இவருக்கு 90 வயது நிறையும் தறுவாயில், ஏதென்ஸ் நகரத்தார் தம் நகரின் சிறப்புக் குடியுரிமையை இவருக்கு அளித்துப் பெருமை செய்தனர்.

ஒரு கதை பாட்டாக மாறும் முறையை அறிய, இவ்வகுப்புகளில் பெரிதும் பயிலப்படும் இக்காரஸ் கதையை எடுத்துக்கொள்ளலாம். டேடலஸ் என்பான் ஒப்பற்ற தச்சன். கிரீட் தீவின் மன்னன் மைனாஸ் அவனையும் அவன் மகன் இக்காரஸையும் தீவை விட்டு வெளியேறாதபடி தடுத்து வைத்தான். நிலவழியும் நீர்வழியும் அடைபட்டமையால், டேடலஸ் வான்வழியைத் தேர்ந்தான். பறவையிறகுகளை நூலாலும் மெழுகாலும் பிணைத்து இரு இணைச் சிறகுகள் செய்தான். “மிகத் தாழப் பறந்தால் கடல் நீர்பட்டுச் சிறகு கனக்கும், மிக உயரப் பறந்தால் கதிரவன் வெம்மையால் மெழுகு உருகும், ஆதலின் இடைப்பட்ட வழியே வருக” என்று மகனுக்கு அறிவுறுத்தினான். பறத்தலின் களிப்பில் மகன் அம்மொழியை மறந்தான். மேலும் மேலும் உயர்ந்தான், மெழுகு உருகிற்று, கடலில் வீழ்ந்து மாண்டான்.

உரோம நாட்டுப் பெருங்கவிஞராகிய ஓவிட், ஏறத்தாழ கி.பி. 8-ஆம் ஆண்டளவில் முற்றுவித்த தம் 15 காண்டங்கள் கொண்ட பெருநூலில், எட்டாம் காண்டத்தில் இக்கதையைப் பாடியுள்ளார். அவர் வெறும் நிகழ்ச்சியைக் கூறிச் செல்லவில்லை. தந்தை சிறகு செய்கையில், தன் அழிவுக்குரிய பொருளென அறியாத சிறுவன் இறகுகளைப் பிடித்து விளையாடுவதையும், மெழுகைக் கட்டைவிரலால் குழைப்பதையும் காட்டுகின்றார். மகன் தோளில் சிறகைப் பொருத்தும்போது தந்தையின் கை நடுங்குவதையும் கன்னம் நனைவதையும் காட்டுகின்றார். மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே. “தந்தை மிக வருந்தினான்” என்று எழுதுவது செய்தி. நடுங்கும் கையைக் காட்டுவது கவிதை.

ஓவிட் காட்டும் வானில் தந்தையும் மகனும் பறக்கும்போது, கீழே மீன் பிடிப்போனும் ஆயனும் உழவனும் அண்ணாந்து நோக்கி, இவர்கள் தேவரே போலும் என வியந்து நிற்கின்றனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்குப் பின், பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் பீட்டர் புருகேல் இக்காட்சியைத் தீட்டினார். பிரஸ்ஸல்ஸ் நகர அரும்பொருட் காட்சியகத்தில் உள்ள படம் அவர் கைப்பட வரைந்ததன்று, அவர் வரைந்ததன் படியே எனக் கருதுவார் பலர். எனினும் அதன் கருத்து அவருடையதே. அதில் உழவன் ஏரிலேயே கண்ணாக இருக்கின்றான். ஆயன் வேறு திசையில் வானைப் பார்த்து நிற்கின்றான். மீன் பிடிப்போன் தன் தூண்டிலை நோக்குகின்றான். கப்பல் தன் வழியே செல்கின்றது. படத்தின் ஒரு மூலையில், நீருள் மூழ்கும் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. கதைத்தலைவன் அவ்வளவே! வியந்து நோக்கிய மாந்தரை நோக்காத மாந்தராக மாற்றியதனால், ஓவியர் பழங்கதைக்கு முற்றிலும் புதியதொரு பொருளைத் தந்துவிட்டார்.

1938-ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் பிரஸ்ஸல்ஸ் நகரில் தங்கியிருந்தார். அவ்வாண்டின் முற்பகுதியில் அவர் சீன நாட்டிற்குச் சென்று ஆங்கு நிகழ்ந்த போரின் கொடுமையைக் கண்டு மீண்டிருந்தார். ஐரோப்பாவிலும் போர் மேகம் சூழ்ந்திருந்தது. அந்நிலையில் இவ்வோவியத்தைக் கண்ட அவர், ஒருவன் துன்புறும் வேளையில் ஏனையோர் உண்டும் நடந்தும் தத்தம் தொழில் செய்தும் இருப்பதே உலகியற்கை என்பதைப் பொருளாக்கிப் பாடினார். பின்னர் அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் இதே ஓவியத்தைப் பற்றி, மும்மூன்று அடிகளாக ஏழு பிரிவுகளில், மிகச் சிறிய அடிகளால் ஒரு பாட்டு இயற்றினார். அவர் தொழிலால் மருத்துவர். அப்பாட்டு இடம்பெற்ற தொகுதி 1962-இல் வெளிவந்தது. 1963-இல், அவர் மறைந்தபின், அதற்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பெற்றது. கதை ஒன்றே. ஓவிட்டுக்கு அது தந்தையின் துயரம். ஆடனுக்கு அது பிறர் துயரம் காணாத உலகின் போக்கு. மாணவர்கள் இவற்றை ஒருங்கு வைத்துக் கற்கும்போது, கதையை மாற்றாமலே காணும் கண்ணை மாற்றலாம் என்பதை உணர்கின்றனர்.

இவ்வுணர்வு பெற்றபின்னரே எழுதும் பயிற்சி தொடங்கும். கதை முழுவதையும் பாடுதல் வேண்டா, அதில் ஒரு நொடியைத் தேர்க என்பது முதல் விதி. அந்நொடியைக் காண்பவர் அல்லது பேசுபவர் யாவர் என்று துணிக என்பது இரண்டாம் விதி. கண்ணாற் காணவும் கையாற் தொடவும் ஆகும் பொருள்களைக் கொண்டே கூறுக என்பது மூன்றாம் விதி. இக்காரஸ் கதையில் பேசுதற்குரியார் பலர். டேடலஸ் பேசலாம், வீட்டிலிருக்கும் தாய் பேசலாம், உருகிய மெழுகும் பேசலாம். ஓவிட்டின் நூலில் ஒரு கௌதாரியும் உண்டு. அது முன்னர் டேடலஸின் மருமகனாக இருந்தது. மீனின் முள்ளைக் கண்டு வாளரம் செய்யும் கலையைக் கண்டுபிடித்த அச்சிறுவனின் அறிவைக் கண்டு பொறாமை கொண்ட டேடலஸ், அவனை உயர்ந்த கோட்டையிலிருந்து தள்ளினான். தெய்வம் அவனைப் பறவையாக்கிக் காத்தது. தன் மகனை டேடலஸ் அடக்கம் செய்கையில், அப்பறவை அருகிருந்து மகிழ்ந்து கூவியதாம். அக்கௌதாரியின் வாயாற் பேச முயலும் மாணவன், இரங்கத்தக்க தந்தையே இரக்கமற்ற கொலைஞனாகவும் இருந்தான் என்பதை எதிர்கொள்ள வேண்டியவன் ஆகின்றான். ஒரு மனிதனை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பதை அறநூல் சொல்லிக் கேட்பதினும், இவ்வாறு தானே எழுதி உணர்தல் ஆழமாகப் பதியும்.

யாப்புப் பயிற்சி நிரம்பாத சிறார் பாட்டெழுதுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். அவ்வையம் முற்றும் தவறன்று. உணர்ச்சி பெருகினும் கட்டுப்பாடு இல்லையேல் பாட்டு அமையாது. அதனாலேயே ஆசிரியர்கள், 14 அடிகளால் ஆகிய ‘சானெட்’ என்னும் வடிவத்தையோ, குறித்த எண்ணிக்கையுடைய அடிகளையோ வரம்பாக வகுத்துத் தருவர். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் செய்து, ஓசை இடறுமிடத்தையும் மிகையான சொல்லையும் மாணவரே கண்டு களையச் செய்வர். எதுகை இல்லாத பாட்டிற்கும் ஒழுங்கு உண்டு என்பதற்கு வில்லியம்ஸின் மூவடிப் பிரிவுகளே சான்றாம்.

பள்ளியிற் பயின்ற பழங்கதை ஒருவனைப் பெருங்கவிஞனாக்கும் என்பதற்கு ஜான் கீட்ஸின் வாழ்க்கை விளக்கமாகும். 1795-இல் பிறந்த கீட்ஸ் தன் எட்டாம் வயதில் தந்தையையும் 14-ஆம் வயதில் தாயையும் இழந்தான். இலண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்னும் ஊரிலிருந்த பள்ளியே அவனுக்குப் புகலிடம் ஆயிற்று. கிரேக்க மொழியைக் கல்லாத அம்மாணவன், பள்ளி நூலகத்தில் இருந்த லெம்ப்ரியர் என்பாரின் புராணக் கதை அகராதியை மனப்பாடம் செய்தவன் போலக் கற்றான் எனத் தலைமையாசிரியரின் மகனும் அவன் நண்பருமாகிய சார்லஸ் கௌடன் கிளார்க் எழுதியுள்ளார். பின்னர் அவன் பள்ளியை விட்டு ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டான். அப்போதும் என்பீல்டுக்கு நடந்து வந்து கிளார்க்கிடம் நூல்களை இரவல் பெற்றுச் செல்வது வழக்கம். 1816 அக்டோபர்த் திங்களில் ஓர் இரவு, ஹோமரின் காவியத்தைச் சாப்மன் என்பார் ஆங்கிலத்தில் பெயர்த்த நூலை இருவரும் விடியுமளவும் படித்தனர். அதன்பின் வீடு திரும்பிய கீட்ஸ் உடனே ஒரு சானெட் எழுதி அனுப்பினான். காலை பத்து மணிக்குள் அது கிளார்க்கின் மேசைமேல் இருந்தது. இன்றும் ஆங்கில வகுப்புகளில் அது பாடமாக விளங்குகின்றது.

மருத்துவத் தொழிலுக்கு உரிமை பெற்றும் அதனைக் கைவிட்டுக் கவிதையையே பற்றிய கீட்ஸ், 1818-இல் ‘எண்டிமியன்’ என்னும் புராணக் காவியத்தை வெளியிட்டபோது இகழ்ச்சியையே மிகுதியும் பெற்றான். ஆயினும் தளரவில்லை. அடுத்த ஆண்டிலேயே சைகி என்னும் தேவதையைப் பாடினான். பழைய தெய்வங்களின் காலம் கடந்தபின் வந்தமையால் கோயிலும் வழிபாடும் பெறாதவள் அவள் எனக் கருதிய கவிஞன், தன் உள்ளத்தையே அவளுக்குக் கோயிலாக்க முன்வந்தான். 1821-இல், 25-ஆம் வயதில், உரோம் நகரில் அவன் உயிர் நீத்தான். பெற்றோரையும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்த அவ்விளைஞனிடமிருந்து, பள்ளியில் தேடிக்கொண்ட அக்கதைச் செல்வம் மட்டும் இறுதிவரை நீங்கவில்லை.

ஆங்கில வகுப்பில் பயிலும் எல்லா மாணவரும் கீட்ஸ் ஆகிவிடுதல் இல்லை. ஆசிரியரும் அதனை எதிர்பாரார். எனினும் தன் துயரைத் தன் பெயரால் சொல்லக் கூசும் ஒரு சிறுவன், டேடலஸின் பெயரால் அதனைச் சொல்லிவிடுகின்றான். எவராலும் செவிமடுக்கப்படாத ஒரு சிறுமி, எக்கோவின் வாயால் முதன்முறையாகத் தன் சொல்லைப் பேசுகின்றாள். பழங்கதை அவர்கட்கு ஒரு முகமூடியாகவும் துணையாகவும் அமைகின்றது. இவ்வாறு எழுதிப் பழகியவர், அடுத்த முறை கடலில் வீழும் ஒருவனைக் கண்டால், ஏரை நிறுத்தித் திரும்பிப் பார்க்கக் கற்றவராகவும் இருப்பர். மொழிக் கல்வியால் அடையத்தக்க பயன்களுள் இது தலையாயதாகும்.