ஒரு ஊசி போதுமா? பாதியில் நின்ற ஆய்வு சொன்ன பதில்

ஒரகடம் ஷிப்ட் முடிச்சு ஹாஸ்டல் திரும்புற 19, 20 வயசுப் பொண்ணுங்களே, இது உங்களுக்குத்தான். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். தடுப்பூசி இருக்கு. எத்தனை டோஸ்?

2009-ல திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல இடங்களில், 10 முதல் 18 வயசுப் பெண்களிடம் '2 டோஸா, 3 டோஸா'னு ஓர் ஆய்வு தொடங்கியது. வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் 2010-ல அரசு ஊசியை நிறுத்தச் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு டோஸோட நின்னுபோச்சு. ஆய்வாளர்கள் விடலை, பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. 2021-ல வந்த முடிவு: ஆபத்தான 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்கிவிடுவதை அந்த ஒத்தை டோஸே சுமார் 95% தடுத்திருக்கு!

2022-ல உலக சுகாதார நிறுவனமும் 20 வயசு வரை ஒரு டோஸ் போதும்னு சொல்லிடுச்சு. 21 ஆயிட்டா ரெண்டு. நம்மூர் டாக்டர் மூணுனு சொன்னா, ஏன்னு கேளுங்க. ஊசி போட்டாலும் 30 வயசுக்கு மேல பரிசோதனை அவசியம்.