கைக்குப் புரியும் அடையாளம்

பேச்சு வராத ஆட்டிசக் குழந்தை, அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்தின் முன் நிறுத்தும். அதுவும் கேட்பதுதான். ஆனால் குடம் இல்லாத இடத்தில் தாகம் எடுத்தால் யாரை எங்கே இழுப்பது? அழுகையும் தலையை முட்டிக்கொள்வதும் பல நேரம் இப்படித்தான் தொடங்குகின்றன.

படம் பிடிபடாதபோது

அமெரிக்காவில் 1985-இல் உருவான ‘பெக்ஸ்’ பட அட்டை முறை, சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி ஆகியவற்றால் பல குழந்தைகள் பயனடைகிறார்கள். சிலருக்கோ தாளில் உள்ள படமும் கையில் உள்ள பொருளும் ஒன்றென்று இன்னும் பிடிபட்டிருக்காது. திரையில் எதைத் தொட்டாலும் ஒரே வழவழப்பு வேறு. இவர்களுக்காகத்தான் படத்துக்குப் பதிலாகக் கையில் எடுத்து நீட்டும் தொட்டறியும் அடையாளங்கள். கண்ணும் காதும் இயங்காத குழந்தைகளுக்காக நெதர்லாந்தில் யான் வான் டைக் வளர்த்த கற்பித்தல் முறையில் இவற்றின் வேர் இருக்கிறது.

பொம்மை பஸ் உதவாது

பஸ்ஸுக்கு அடையாளமாக நாம் முதலில் தேடுவது பொம்மை பஸ். நம் கண்ணுக்கு அது பஸ்தான். குழந்தையின் கைக்கு வெறும் பிளாஸ்டிக். ஏறும்போது பிடிக்கும் கம்பியும் இருக்கையின் ரெக்சினும்தான் அந்தக் கை அறிந்த பஸ். ஆகவே அட்டையில் ரெக்சின் துண்டை ஒட்டுங்கள். ஊஞ்சலுக்குச் சங்கிலித் துண்டு, குளியலுக்குப் பீர்க்கங்காய் நார். தண்ணீருக்கு, தினமும் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளர். அளவில் சிறியதை வாங்காதீர்கள். தொடக்கத்தில் முழுப் பொருளையே கொடுத்துப் பழக்கி, பிறகு அதன் ஒரு பகுதிக்கு மாறலாம்.

ஒட்டுவதற்கு முன்

உப்புத்தாளின் சொரசொரப்பு ஒரு குழந்தைக்குப் பிடிக்கும், இன்னொன்றை அலற வைக்கும். வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தமே சிலருக்கு ஆகாது. வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் பொத்தான், மணி, காந்தம் எதுவும் கூடாது. கழுவக்கூடிய பொருளாக இருப்பது நல்லது. தொலையும் என்பதால் இரண்டாகவே செய்துகொள்ளுங்கள்.

இதனால் பேச்சு நின்றுவிடுமா?

பாட்டிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் கேட்கும் கேள்வி. இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளைக் கற்ற, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மீளாய்வில், நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவு கூடியே இருந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, பேச்சுப் பயிற்சியையும் அடையாளங்களையும் சேர்த்தே தொடரலாம்.

கேட்பதற்கான அடையாளங்களையே அடுக்கிவிட்டு ‘போதும்’ என்பதை மறந்துவிடுகிறோம். முதல் நாலைந்துக்குள் அதுவும் இருக்கட்டும். பாதிச் சாப்பாட்டில் குழந்தை அதை எடுத்து நீட்டினால், ‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.