பழைய சாவரினைத் தேய்க்காதீர்கள்

தங்கத்தின் மதிப்பைச் சொல்ல உரைகல்லும் தராசும் போதும். பழைய தங்கக் காசின் மதிப்பைச் சொல்ல அவை போதா. நம் வீட்டுப் பெட்டிகளிலும் காசுமாலைகளிலும் இன்னும் தங்கியிருக்கும் பிரிட்டிஷ் சாவரினையே எடுத்துக்கொள்வோம். 22 காரட், 7.988 கிராம். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம் பெரும்பாலும், 1817-இல் பிஸ்ட்ருச்சி வடித்த, குதிரைமேலிருந்து டிராகனைத் தாக்கும் புனித ஜார்ஜ். தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழே போன சாவரின் செல்லாது என்றது பிரிட்டனின் 1870-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். குறைவது கிராமில் இருபதில் ஒரு பங்குதான். உருக்குபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அந்தத் துளி கரைவதற்குள் அரசியின் கூந்தல் இழைகள் மழுங்கிவிடும், ஜார்ஜின் தலைக்கவசம் வழுக்கையாகிவிடும். சேகரிப்பவர் தங்க விலைக்கு மேல் பணம் கொடுப்பது அந்த இழைகளுக்காகத்தான். எனவே காசின் தரத்தை அதன் மேற்பரப்பில்தான் தேட வேண்டும்.

தேய்மானம் எப்போதும் மேடான இடங்களில் தொடங்கும். விக்டோரியாவின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், ஜார்ஜின் தொடை, குதிரையின் மார்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒற்றை விளக்கின் கீழே காசை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், புழங்காத காசில் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுழன்று வரும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்கிறது. ஒளியைச் சுழற்றுபவை அவையே. மேட்டில் மட்டும் அந்த ஒளி அறுந்து மங்கினால் காசு கைமாறிப் புழங்கியிருக்கிறது. உருவம் தட்டையாக இருந்தும் ஒளி அறுபடாமல் ஓடினால், அது தேய்மானம் அல்ல, அச்சு சரியாக விழாத குறை. புழங்காத காசிலும் கீறல் இருக்கலாம். நாணயச்சாலையிலிருந்து மூட்டையாகப் போகும்போது தங்கக் காசுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அப்படி வடுப்பட்ட காசு, வழவழவென்று தேய்ந்த காசைவிட உயர்ந்த தரம் பெறுவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இதெல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்ததுதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்பு சென்ட்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று தங்கக் காசுக்கும் பயன்படுகிறது. அதில் ஒரே காசுக்கு ஒருவர் 63 கொடுப்பார், இன்னொருவர் 64 கொடுப்பார். ஆனால் 60 என்ற எல்லையை, அதாவது காசு புழங்கியதா இல்லையா என்பதை, நுண்வரிகளே தீர்மானிக்கின்றன. கருத்து வேற்றுமை பெரும்பாலும் ஓரிரு எண்களில்தான். பரவலாகக் கிடைக்கும் ஆண்டுகளின் காசு தங்க விலையை ஒட்டித்தானே விற்கிறது, தரம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பல ஆண்டுக் காசுகளுக்கு அது பொருந்தும். லண்டனில் அடித்த 1917 சாவரினுக்குப் பொருந்தாது. அது அரிது, அதனாலேயே போலிகளும் அதிகம்.

தங்கம் துருப்பிடிக்காது, பிறகு கழுவித் துடைத்தால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணந்தான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்கிறது. பற்பசையோ மெருகுப் பொடியோ போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும். ஆனால் நுண்வரிகள் அழிந்து, எல்லாத் திசையிலும் மயிரிழைக் கீறல்கள் விழும். அழிந்த வரிகளை எந்த ஆசாரியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மாலைக்காக விளிம்பில் வளையம் பற்றவைத்த காசுக்கும் அதே கதி. வளையத்தை அரத்தால் ராவி எடுத்தாலும் தடம் லென்ஸில் தெரியும்.

உங்கள் வீட்டில் சாவரின் இருந்தால் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். ஜார்ஜ் பக்கத்தில் ஆண்டையும், அதற்கு மேலே தரைக்கோட்டில் உள்ள சிற்றெழுத்தையும் பாருங்கள். 1918-உம் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டுமே அங்கே சாவரின் அடித்தார்கள். உருக்கக் கொடுப்பதற்கு முன் நாணயம் அறிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.