திருவதிகை: நீற்றறையிலிருந்து லாக்கப் வரை

பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக்கரையில் இருக்கிறது திருவதிகை. சமண மடத்திலிருந்த மருள்நீக்கியார் (பின்னாளில் அப்பர்) சூலைநோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து சைவரானது இங்கேதான். அதற்காகப் பல்லவ மன்னன் கொடுத்த தண்டனைகளைப் பெரியபுராணம் அடுக்குகிறது: ஏழு நாள் நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியது. பிறகு மன்னனும் சைவனாகி, கடலூர்ப் பக்கத்துப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களால் அதிகையில் குணபரவீச்சரம் கட்டினானாம். அடிபடும் தரப்பு மாறியது, அவ்வளவுதான். மன்னன்மேல் முறையிட யாருக்கும் இடமில்லை.

இன்று நம்பிக்கையை மாற்றிக்கொண்டதற்காக அரசு யாரையும் காளவாயில் அடைக்க முடியாது; அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு இருக்கிறது. லாக்கப் கதை வேறு.

1993. இதே கடலூர்ச் சீமையில், நெய்வேலிப் பக்கம் முதனை கிராமம். திருட்டுப் புகாரில் குறவர் சமூகத்து ராஜாகண்ணுவைக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோன மனைவி பார்வதி, அவர் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தார். பிறகு, "தப்பி ஓடிட்டான்" என்றார்கள். பார்வதிக்காக வழக்கறிஞர் கே.சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜாகண்ணுவின் சாவுக்குப் போலீஸார்தான் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றத்தில் முடிவாக 2006 ஆகிவிட்டது. 'ஜெய்பீம்' படத்தின் மூலம் இந்த வழக்குதான்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. கேட்கப் போகும் வாசல்கள்தான் குறைவு. அதே 1993 அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் வந்தது. 1997-ல் மாநில ஆணையம். 1996-ல் டி.கே.பாசு வழக்கில், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

அப்படியும் 2020-ல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு பெண் காவலரின் சாட்சியம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-லேயே கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இது வெட்கக்கேடு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரையாவது பிடித்துப்போய் அடித்தால், மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. தள்ளிப்போடாதீர்கள்.